காரும் ரயில் பாஸும்
மும்பைத் தமிழர் வாழ்வு ரயில் பாஸில் அடங்கியது எனின் மிகையன்று. 1853-ல் போரிபந்தரிலிருந்து தாணேக்கு ஓடிய புகைவண்டியும், 1925-ல் குர்லா வரை வந்த மின்சார ரயிலும் இட்ட தடத்திலன்றோ நம் மாதச் சம்பளக்காரர் வாழ்கின்றனர்! காரை நாம் இகழவில்லை. வாங்கியவரே அதனை வாசலில் நிறுத்திவிட்டு ரயிலேறுகின்றனர். 2024-ல் நவி மும்பைக்கு அடல் சேது திறந்தபோது, காருக்கு ஒருவழிச் சுங்கமே 250 ரூபாய், வேறென் செய்வார்? ஆயின், நெரிசலில் ஏறவியலாத முதியோர் டோம்பிவிலியிலிருந்து நம் கூட்டங்களுக்கு வருவது குறைந்துவிட்டது. மாதுங்கா வரை டாக்சிக்கூலி அவர்கட்குக் கட்டாது. வாசலில் நிற்கும் கார்கள் சங்க நாட்களிலேனும் அவர்கள்பொருட்டுப் புறப்படுமாறு வேண்டுகிறோம். பெட்ரோல் செலவைச் சங்கம் ஏற்கும்.