குடலின் குருதிநாளக் கட்டியும் தமிழ்ப் பெயரும்



குருதி நோய்களுக்கென நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் அனுப்பப்படும் மருத்துவமனை இந்த அம்பாங்கில் உள்ளது. ஆதலின், குழந்தைகளின் குடலில் அரிதாகத் தோன்றும் குருதிநாளக் கட்டிகளைப் பற்றி மொழியியலாளன் ஒருவன் இங்குப் பேசுவது பொருந்தும் என நம்புகிறேன்.

'ஹேமாஞ்சியோமா' என்னும் ஒரே சொல்லால் மருத்துவ உலகம் நெடுங்காலம் இரு வேறு நோய்களைக் குறித்துவந்தது. 1982இல் மல்லிகன், குளோவாக்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் அவற்றைப் பிரித்தனர். ஒன்று, உயிரணுக்கள் பெருகும் உண்மைக் கட்டி. பிறந்த சில வாரங்களில் தோன்றி, விரைந்து வளர்ந்து, சில ஆண்டுகளில் தானே சுருங்கும். மற்றொன்று, கருவிலேயே நாளங்கள் பிறழ அமைந்த உருத்திரிபு. குழந்தையோடு வளரும், சுருங்காது. 2008இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளிப்படுத்திய புரோப்ரனலால் சிகிச்சை முன்னதைச் சுருக்கும், பின்னதற்குப் பயன்படாது. பெயர் பிழைபட்டால் மருந்தும் பிழைபடும்.

குடலுக்குள் இருப்பதைக் கண்டறிவது எளிதன்று. குழந்தை வெளிறிப்போகும், வலி இராது. சோகை என்று இரும்புச்சத்து மருந்து தருவர். அம்மருந்தே மலத்தைக் கறுப்பாக்கும்! பின்னர் 'மலம் கறுப்பா?' என்று கேட்டுப் பயனென்ன? 'தார்போல் பிசுபிசுப்பா, நாற்றம் கடுமையா?' என்று தாய்க்கு விளங்கும் சொல்லில் கேட்க வேண்டும். உள்நோக்குக் குழாய் சிறுகுடலின் நடுப்பகுதியை எட்டாதபோது, விழுங்கும் கேமரா மாத்திரை உதவும். சிலவேளை தடயம் தோலிலேயே இருக்கும்: உள்ளங்காலில், அழுத்தினால் அமுங்கி மீண்டும் எழும் நீலக் கொப்புளங்கள். 1958இல் வில்லியம் பீன் அந்நோய்க்கு இரப்பரை உவமையாக்கிப் பெயரிட்டார். நல்ல பெயர், விரலுக்கே பாடம் சொல்கிறது.

நம் 'கட்டி'யோ எதையும் தாங்கும். கொப்புளமும் கட்டி, வெல்லமும் கட்டி, மடியிலுள்ள பிள்ளையும் தங்கக் கட்டி. ஆயினும் மருத்துவர் 'கெத்தும்புஹான்' என்று மலாயில் கூறியதை நாம் 'கட்டி' எனப் பெயர்த்தவுடன், வீட்டார் செவியில் புற்றுநோய் என்றே விழுகிறது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, நூல்களும் வெளியிட்டார். அவ்வழியில் ஒன்று முன்மொழிகிறேன்: பெருகி வளர்வதற்கு மட்டும் 'நாளக் கட்டி', பிறவியமைப்புக்கு 'நாளத் திரிபு'. 'திரிபு' இலக்கணத்தில் நமக்குப் பழகிய சொல், அச்சமூட்டாது. மன்றத்தின் கலைச்சொற் குழு இதனை மருத்துவரோடு அமர்ந்து ஆராய வேண்டுகிறேன். தாய்மாரையும் அவ்வமர்வுக்கு அழைக்கலாம்.