பாம்புக்குப் பால்; பாம்பு பிடிப்பவனுக்குப் பட்டினி
(செங்கற்பட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நமது நாட்டில் நடுங்குவதோடு நிற்காமல், கற்பூரம் கொளுத்திக் கும்பிடவும் செய்கிறோம். கும்பிட்டு என்ன பலன் கண்டோம்? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020ல் ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குக் காட்டினார்கள். இறந்தவர்கள் மாடி வீட்டுக்காரர்களா? அல்ல. பெரும்பாலும் வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களும், மண் தரையில் படுக்கிறவர்களுமே ஆவார்கள். புற்றுக்குப் பால் வார்த்தவர்களும் அவர்களேதான். பாம்புக்கு ஆகாரம் எலியும் தவளையுமே தவிர பால் அல்ல என்பது அந்தப் பாம்புக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியவில்லை.

“மந்திரத்தால் பிழைத்தவர்கள் இல்லையா?” என்று சிலர் கேட்கக்கூடும். தோழர்களே! கடிக்கிற பாம்பெல்லாம் விஷப்பாம்பு அல்ல. விஷப்பாம்பு கடித்தாலும் ஒவ்வொரு கடியிலும் விஷம் இறங்குவதில்லை. அப்படித் தானாகப் பிழைத்தவனை எல்லாம் மந்திரக்காரன் தன் கணக்கில் வரவு வைத்துக் கொள்கிறான். செத்தவனை மாத்திரம் விதியின் கணக்கில் எழுதிவிடுகிறான். இந்த மாதிரி வியாபாரத்தில் நஷ்டம் எப்படி வரும்?

உண்மையில் உயிரைக் காப்பது விஷமுறிவு மருந்து ஒன்றே. பிரெஞ்சு நாட்டு ஆல்பர்ட் கால்மெட் முதலிய அறிஞர்கள் 1890களில் இதற்கு வழி கண்டார்கள். பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தினால், குதிரையின் இரத்தத்தில் விஷத்தை முறிக்கும் சத்து உண்டாகிறது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்வதுதான் மருந்து. ஆகவே விஷம் இல்லாவிட்டால் மருந்து இல்லை. அந்த விஷம் எங்கிருந்து வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நமது ஜில்லாவிலிருந்துதான் வருகிறது! மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் என்று ஒன்று 1978 முதல் இருக்கிறது. இந்தியாவில் மருந்து செய்கிறவர்களுக்கு வேண்டிய விஷத்தில் மிகப் பெரும் பங்கு அங்கிருந்தே போகிறது. அதற்கு முன் இருளர்கள் தோலுக்காகப் பாம்பைக் கொன்று, தரகனிடம் அற்பக் காசுக்கு விற்றார்கள். அந்தத் தோல் சீமைக்குப் போய்ச் சீமாட்டிகளின் கைப்பையாயிற்று. 1972ல் வந்த வனவிலங்குச் சட்டமும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை நிறுத்தின. பாம்பு பிழைத்தது; பாம்பு பிடித்தவன் பிழைப்பதற்கு யாதொரு வழியும் சட்டம் சொல்லவில்லை. ரோமுலஸ் விட்டேக்கர் முதலியவர்களின் முயற்சியால் அந்த வழி சங்கமாக வந்தது.

இப்பொழுது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு வகையையும் உயிரோடு பிடிக்கிறார்கள். மண் பானையில் வைத்து, வாரத்துக்கு ஒரு தடவையாக நாலு தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிளில் அடையாளமிட்டுத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். தோல் வியாபாரத்தில் ஒரு பாம்புக்கு ஒரு தடவைதான் கூலி; பாம்பும் போய்விடும். இதிலோ பாம்பும் இருக்கும், கூலியும் இருக்கும், ஊரான் உயிரும் இருக்கும். முதல் கரையாமல் பலன் தருகிற தொழில் என்பது இதுதான்.

அப்படியானால் இது ஏன் ஓங்கி வளரவில்லை? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதலாவது தடை அனுமதி. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வருஷந்தோறும் வனத்துறையார் உத்தரவு தர வேண்டும். கட்டுப்பாடு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் காகிதம் மேஜையில் தூங்கினால் பிடிக்கிற காலம் போய்விடுகிறது. இருளன் அடுப்பு அணைகிறது.

இரண்டாவது, ஒரே இடத்து விஷம். ஒரே ஜாதிப் பாம்பானாலும் தேசத்துக்குத் தேசம் விஷத்தின் குணம் மாறுகிறது. செங்கற்பட்டுக் கண்ணாடி விரியனின் விஷத்தில் செய்த மருந்து வடக்கே அதே அளவுக்கு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. மலைநாட்டுக் குழிவிரியன் கடிக்கு இம்மருந்து உதவுவதே இல்லை. மற்ற மாகாணங்களிலும் இம்மாதிரிச் சங்கங்கள் வைத்தாலல்லவோ குறை தீரும்?

மூன்றாவது தடை லாபம். பாம்பு கடிப்பது ஏழையை. ஏழைக்கு மருந்து விற்று எந்த முதலாளி கொழுக்க முடியும்? சனோபி என்ற பெரிய கம்பெனி ஆப்பிரிக்காவுக்கென்று செய்துவந்த மருந்தை லாபமில்லையென்று 2014ல் நிறுத்திற்று. கடைசிச் சரக்கும் 2016ல் காலாவதியாயிற்று. கோஸ்டாரிக்கா என்ற சிறு நாட்டிலோ 1970ல் ஏற்பட்ட கிளொடொமிரோ பிகாடோ நிலையம் என்ற சர்வகலாசாலை ஸ்தாபனமே மருந்து செய்து, அண்டை நாடுகளுக்கும் கொடுக்கிறது. பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை. மனமிருந்தால் போதும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

நாலாவது தடை நமது ஜாதிப் புத்தி. கல்லில் செதுக்கிய பாம்புக்கு மஞ்சள் பூசுகிறவன், உயிருள்ள பாம்பைப் பிடித்து ஊரைக் காப்பவனை ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் வைத்திருக்கிறான். அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணம் கொடுத்துக் கொத்தடிமையாக வைக்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை! அவர்களுக்கு மந்திரம் தெரியாது. தடம் பார்க்கத் தெரியும். 2017ல் அமெரிக்காவில் புளோரிடாவில் மலைப்பாம்புகளைப் பிடிக்க மாட்டாமல், வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களை வரவழைத்தார்கள். அவர்கள் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு பிடித்தார்கள். 2023ல் சர்க்கார் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தது. சந்தோஷம். ஆனால் பட்டம் இருவருக்கு. பட்டா எத்தனை பேருக்கு?

ஒன்று சொல்லிவிடுகிறேன். இருளன் மகன் பாம்புதான் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் வருணாசிரமமே. அவன் படித்து டாக்டராகட்டும், என்ஜினீயராகட்டும். இந்த வித்தையை யார் கற்றாலும் நல்ல கூலியும், விபத்துக்கு ஈடும், மரியாதையும் கிடைக்கும்படி செய்தால் ஆள் தானே வருவான். பசியினால் ஒரு கூட்டத்தைக் கட்டிவைத்து நடத்துகிற தொழில் எத்தனை நாள் நிலைக்கும்?

ஆகவே தோழர்களே! பிடிப்பவனுக்கு நியாயமான விலையும் காலத்தில் அனுமதியும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்தும், அதைச் செலுத்தத் தெரிந்தவரும் இருக்கும்படி நீங்கள் கேட்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரக்காரனைத் தேடாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். அங்கே உங்கள் உடம்பில் ஏறுகிற மருந்தில் ஓர் இருளனின் உழைப்பு இருக்கிறது என்பதை மறவாதீர்கள். இனிமேல் புற்றுக்கு ஊற்றுகிற பாலை உங்கள் குழந்தைக்கும், எதிரே வருகிற இருளர் வீட்டுக் குழந்தைக்கும் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் வார்த்தையை முடித்துக் கொள்கிறேன்.