சங்கும் கிரீடமும்

குமரி மாவட்டத்து இனயம் கரையில் தூண்டில் வளைவுகள் போட்ட பிறகும் கடலரிப்பு ஓயவில்லை. அலை கிளறிப்போட்ட மணலில் உலோகம் தேடும் கருவியோடு நடப்பவருக்குச் சோடா மூடியும் வலையில் கட்டிய ஈயக்குண்டும்தான் முதலில் அகப்படும். கருமணலும் உப்பு ஈரமும் சேர்ந்துவிட்டால் கருவி காரணமே இல்லாமல் கத்தும். எப்போதாவது களிம்பேறிய பித்தளைப் பட்டன் ஒன்று கிடைத்தால், அதன் வயதைக் கணிப்பது தனிக் கலை.

பக்கத்தில் குளச்சல் இருப்பதால் எவருக்கும் 1741 நினைவுக்கு வரும். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக்காரர் தோற்று, தளபதி டிலனாய் பிடிபட்ட போர் அது. உடனே 'டச்சுச் சிப்பாயின் பட்டன்' என்று கதை கட்ட ஆசை வரும். பட்டனில் பிரிட்டிஷ் காலாட்படையின் ரெஜிமென்ட் எண் இருந்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடும். அந்தப் படையின் பட்டன்களில் எண் பொறிக்க ஆணை வந்ததே 1767-இல்தான்.

அடுத்து, பட்டனைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரே தகட்டில் கம்பி வளையத்தைப் பற்றவைத்திருந்தால் பழைய முறை. இரண்டு மெல்லிய தகடுகளை விளிம்பில் மடித்து இணைக்கும் முறைக்கு பெஞ்சமின் சாண்டர்ஸ் 1813-இல் காப்புரிமை பெற்றார். பின்புறத்தில் லண்டன், பர்மிங்ஹாம் என ஊர்ப்பெயரும் கம்பெனிப் பெயரும் இருக்கலாம். பெயரோடு 'லிமிடெட்' ஒட்டியிருந்தால் 1855-க்கு முன்னே போக வழியில்லை. அந்தச் சொல்லுக்குச் சட்டம் வந்தது அப்போதுதான்.

இந்த மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சங்கு திருவிதாங்கூரின் சின்னம். சமஸ்தானம் 1949 ஜூலை 1-இல் கொச்சியோடு இணைந்தது. ஆனால் சங்கைப் பார்த்ததும் 'மகாராஜா காலம்' என்று சொல்லிவிடக் கூடாது. சங்குக்கு மேலே அசோகச் சிங்கங்கள் நின்றால் அது கேரள அரசின் முத்திரை, 1956-க்குப் பிந்தியது. எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கையில், அங்கத்திய சீருடைப் பட்டன் இங்கே உதிர்ந்துகிடப்பதில் வியப்பில்லை. வெறும் கிரீடம் இருந்தால் அதன் வளைவைக் கவனிக்க வேண்டும். 1901-இல் பிரிட்டனில் எட்வர்ட் மன்னரான பிறகு வந்த கிரீடத்தில் வளைவு உருண்டு எழும்பியிருக்கும். இந்தியப் படையில் 1950-இல் கிரீடம் போய்ச் சிங்கங்கள் வந்தன.

இவையெல்லாம் 'இதற்கு முன்னால் இல்லை' என்று மட்டுமே சொல்லும். பட்டன் எப்போது தொலைந்தது என்பது வேறு கேள்வி. பழைய கோட்டின் பட்டனை வெட்டிப் புதுச் சட்டையில் தைப்பது எந்த வீட்டில்தான் இல்லை? தென்னந்தோப்பில் கிடைத்தால் ஆழத்தையும் கூடக் கிடந்தவற்றையும் குறித்துவைத்துக் காலத்தை நெருங்கலாம். கடற்கரையில் அந்த வாய்ப்பும் இல்லை; அங்கே எல்லாம் இடம் மாறிக் கிடக்கும்.

கண்டதும் புளி போட்டுத் தேய்ப்பது குத்துவிளக்குக்குச் சரி. பட்டனில் தேய்த்தால் தங்க முலாமும் பின்புற எழுத்தும் போய்விடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தாலே போதும். தோண்டுகிறவர்கள் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்: மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது அது.