மேடை, உடம்பு, பேட்டை: சாந்தா கோகலேயின் நூல்கள்

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கும், வேலைநாள் மாலையிலும் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவுக்கு வந்து சேர்ந்திருக்கும் உங்களுக்கும் என் நன்றி.

தமிழ் மேடையில் ஒரு மராத்தி எழுத்தாளரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்டார்கள். சாந்தா கோகலே நம் பக்கத்துப் பேட்டைக்காரர். 1939இல் தஹாணுவில் பிறந்து, தாதர் சிவாஜி பார்க்கில் வளர்ந்தவர். மும்பைத் தமிழர்களாகிய நாம் செய்யாமல் விட்டுவைத்திருக்கும் ஒரு வேலையை அவர் தம் மக்களுக்காகச் செய்து முடித்திருக்கிறார். அதனால்தான் அவரைப் பேச வந்தேன்.

அவருடைய நூல் வரிசையைப் பார்த்தால் முதலில் திகைப்பு வரும். நாடக வரலாறு, நாவல், தன்வரலாறு, ஒரு குடியிருப்புப் பகுதியின் கதை, பத்திரிகைப் பத்தி, மொழிபெயர்ப்பு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். ஆனால் எல்லாவற்றிலும் அவர் அமர்ந்திருக்கும் இடம் ஒன்றுதான். அது பார்வையாளர் இருக்கை. நாடகம் அன்றிரவோடு முடிகிறது, உடம்பு தேய்கிறது, பேட்டை இடிபட்டு மறுபடி கட்டப்படுகிறது. இவற்றைக் கண்ணால் கண்டவர் எழுதாவிட்டால் சாட்சியே இருக்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாடகத்திலிருந்து தொடங்குகிறேன். 2000இல் கல்கத்தா சீகல் பதிப்பகம் வெளியிட்ட 'பிளேரைட் அட் த சென்டர்' மராத்தி நாடகத்தை 1843லிருந்து எடுத்துச் சொல்கிறது. அந்த ஆண்டில்தான் சாங்லி அரண்மனையின் ஆதரவில் விஷ்ணுதாஸ் பாவே சீதையின் சுயம்வரத்தை மேடையேற்றினார். தஞ்சைக்காரர்கள் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள், வரவும் உரிமை உண்டு. தஞ்சையை 1684 முதல் ஆண்ட மராட்டிய மன்னர் சாஹஜி மராத்தியில் நாடகங்கள் எழுதியிருக்கிறார், சரஸ்வதி மகால் நூலகத்தில் மராத்தி நாடகச் சுவடிகள் இருக்கின்றன. என்றாலும் 1843ஐத் தொடக்கமாகக் கொள்வது சரியென்றே நினைக்கிறேன். தஞ்சை நாடகம் அரண்மனைக்குள் நின்றுவிட்டது. சாங்லியில் தொடங்கியதோ ஊர் ஊராகப் போய், சீட்டு வாங்கிப் பார்க்கும் கூட்டத்தை உண்டாக்கியது.

நூலின் பெயரே அவருடைய வாதத்தைச் சொல்லிவிடுகிறது: மராத்தி மேடையின் நடுவில் நாடகாசிரியர் இருந்தார். நம் மேடையின் கதை வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் போன்ற பெரும் ஆசிரியர்கள் இருந்தபோதும், நம் மக்கள் பாட்டுக்கும் நடிகருக்குமே திரண்டார்கள். நாடக வரலாற்றை எழுதி வைத்தவர்களும் பெரும்பாலும் மேடையில் நின்றவர்களே. பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்', அவ்வை தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' இரண்டும் பொக்கிஷங்கள், ஐயமில்லை. ஆனால் நடித்தவர் சொல்லும் வரலாறு ஒன்று, எதிரே உட்கார்ந்து பல்லாண்டு பார்த்தவர் சொல்லும் வரலாறு இன்னொன்று. இரண்டாவது நம்மிடம் குறைவு.

அந்த இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம், 2015இல் வந்த 'த சீன்ஸ் வீ மேட்'. மும்பையின் சோதனை நாடகத்துக்கு இடம் கொடுத்த மூன்று கட்டடங்களை வைத்து அவர் தொகுத்த வாய்மொழி வரலாறு அது. வார்டன் ரோட்டின் பூலாபாய் தேசாய் நினைவு நிலையம், தார்தேவின் வால்சந்த் டெரஸ், தாதர் சபில்தாஸ் பள்ளி. மூன்றாவது நமக்குத் தெரிந்த இடம். தாதர் மேற்கில் ரயிலைவிட்டு இறங்கி, காய்கறிக் கடைக் கூட்டத்துக்குள் நடந்தால் பள்ளி வந்துவிடும். அங்கே ஆசிரியையாக இருந்த சுலபா தேஷ்பாண்டேயும் அவர் கணவர் அரவிந்த் தேஷ்பாண்டேயும் நடத்திய ஆவிஷ்கார் குழு 1974இல் அந்தப் பள்ளியின் கூடத்தில் நாடகம் போடத் தொடங்கியது. அது நாடகத்துக்கென்று கட்டப்பட்ட அரங்கம் இல்லை. நடிகரின் மூச்சு முன்வரிசைக்குக் கேட்கும், தெருச் சத்தம் நடிகருக்குக் கேட்கும். பெரிய அரங்குகளுக்குப் போக முடியாத எத்தனையோ நாடகங்கள் அங்கே பிழைத்தன. வாடகைக்கு ஒரு கூடம் கிடைத்ததால் ஒரு நாடக இயக்கமே பிறந்த கதையை, அங்கே புழங்கியவர்களின் குரலிலேயே கேட்டு வாங்கியிருக்கிறார் கோகலே.

தமிழ் மண்ணுக்கும் அவருடைய கண் வந்திருக்கிறது. மும்பையில் தொடங்கிப் பின்னர் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்த ஆதிசக்தி நாடகக் குழுவின் வீணாபாணி சாவ்லா பற்றி 2014இல் ஒரு நூல் கொண்டுவந்தார்.

நாவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிஸ்டலில் ஆங்கில இலக்கியம் படித்துத் திரும்பியவரை, தாய்மொழியில் எழுதும்படி தூண்டியவர் ஆங்கிலத்தில் எழுதிய கவிஞர் நிசிம் எசக்கியேல். 'ரீட்டா வேலிங்கர்' 1990இல் மராத்தியில் வந்தது. சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கும் மூத்த மகள் ஒருத்தி மனம் உடைந்து மருத்துவமனையில் கிடக்கும் கதை. மகள் ரேணுகா ஷஹானே 2009இல் அதைப் படமாக்கினார். 2008இல் 'த்யா வர்ஷி' வந்தது. இரண்டையும் தாமே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். தமிழ்ப் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பும் நாம் எசக்கியேலின் யோசனையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 2019இல் வந்த தன்வரலாறு, 'ஒன் ஃபுட் ஆன் த கிரவுண்ட்'. தம் வாழ்க்கையை உடம்பின் வழியாகச் சொல்கிறார். டான்சில், பல், பிள்ளைப்பேறு, புற்றுநோய் என்று உடம்பு கண்டதெல்லாம் வருகிறது. தன்னிரக்கம் துளியும் இல்லை. நாடகத்துக்கு விமர்சனம் எழுதிய அதே நிதானத்தோடு தம் உடம்பையும் பார்க்கிறார். நம் வீடுகளில் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாமலே போய்ச் சேர்ந்த வலிகளை நினைக்காமல் அந்த நூலைப் படிக்க என்னால் முடியவில்லை.

அடுத்த ஆண்டே சிவாஜி பார்க் பற்றிய நூல். நம் மூத்தவர்களுக்கு அந்தப் பெயர் வேறொன்றை நினைவூட்டும். 1966 அக்டோபரில் சிவசேனையின் முதல் பெருங்கூட்டம் நடந்த மைதானம் அது. தென்னிந்தியருக்கு எதிரான முழக்கமும், உடுப்பி ஓட்டல்கள் மீது விழுந்த கல்லும் அந்தக் காலத்தவை. அந்த அச்சத்தை நாம் மறக்க வேண்டியதில்லை. அதே மைதானத்தைச் சுற்றி நடந்தே பழகிய ஒரு பெண் அந்த இடத்தை எப்படிப் பார்த்தார் என்று தெரிந்துகொள்வதும் நமக்குத் தேவை. அண்டை வீட்டைப் பற்றி நாம் முழக்கங்களையே அதிகம் கேட்டிருக்கிறோம்.

இனி நம் பக்கம். சண்முகானந்த அரங்கம் 1963இல் திறந்தது, 1990இல் தீக்கிரையாகி மறுபடி எழுந்தது. சென்னையிலிருந்து வந்த சபா நாடகங்களுக்கு அங்கே எத்தனை வீட்டார் திரண்டிருப்பார்கள்! செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி 1962 முதல் இருக்கிறது. தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பிள்ளைகள் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் மேடை கட்டினார்கள். அந்தத் தாராவியில் 2024இல் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கி, வீடுகளுக்கு எண் போட்டார்கள். அதிகாரிகளின் பதிவேட்டில் சதுர அடி இருக்கும். எந்தச் சந்தில் மேடை போட்டார்கள், பெண் வேடம் யார் கட்டினார், வசனம் எழுதியவர் எந்த ஆலையில் வேலை பார்த்தார் என்பதெல்லாம் அதில் இருக்காது.

ஆகவே அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கான தொகையைப் பேச்சாளருக்குத் தராமல், தமிழ் படிக்கத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குப் பயணப்படியாகக் கொடுங்கள். ஒலிப்பதிவுக்கு அவர்கள் கையிலிருக்கும் செல்போனே போதும். எழுபது வயது தாண்டியவர்களிடம், நடித்தவர்களிடம் மட்டுமின்றிப் பார்க்கப் போனவர்களிடமும், அவர்கள் உட்காரட்டும். நீங்கள் பார்த்த முதல் நாடகம் எது, எங்கே, யாரோடு போனீர்கள் என்று கேட்டுத் தொடங்கட்டும். செம்பூருக்கும் தாராவிக்கும் ஒரே கேள்வித்தாள் போதும். மாட்டுங்காவில் நானே உடன் வருகிறேன்.