கவனக்குறைவு என்று எழுதுமுன்

(மாதாந்த நலன்புரிக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



தோட்டத்து ஸ்டோரில் ரோதமுனியைக் கும்பிடுவது நம்முடைய வழக்கம். சுற்றுகிற ரோதை உயிரையும் எடுக்கும் என்று நம் பாட்டன்மாருக்குத் தெரிந்திருந்தது. சாமி காப்பாற்றும். ஆனால், கழற்றி வைத்த மூடியைச் சாமி வந்து மாட்டாது. அதை நாம்தான் மாட்ட வேண்டும்.

பல வருஷங்களுக்கு முன் வேறொரு தோட்டத்தில் நான் வேலை பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். இரவு வேலை நேரம். ரோல் பிரேக்கரின் பெல்ட் ஓரத்தில் சிக்கிய கொழுந்தை ஒரு அக்கா கையால் தட்டிவிட்டார். பெல்ட் கையை இழுத்துக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. விபத்துப் புத்தகத்தில் காரணம் எழுதியது நான்தான். "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து லயத்துக்குப் பார்க்கப் போனேன். அந்த அக்கா என்னை ஏசவில்லை. "ஐயா, பெல்ட் மூடி எட்டு நாளா செவத்துல சாத்திக் கெடந்துச்சே, அத எழுதுனீங்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. எண்ணெய் போடுவதற்காகக் கழற்றிய மூடி அது. அதைத் தாண்டித்தான் எல்லோரும் போய் வந்தோம், நானும்தான். மறுநாள் துரையிடம் சொல்லி, புத்தகத்தில் அந்த உண்மையையும் எழுதினேன்.

கவனமாக இருங்கள் என்று சொல்வது லேசு. விடிய விடிய நின்று வேலை செய்கிறவருக்குக் கண் அசரும். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மனசு அங்கேதான் இருக்கும். ஆகவே, கவனம் தப்பினாலும் கை தப்ப வேண்டும். அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது.

முதலாவது, ஓடுகிற மெஷினில் கை வைக்கக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் ரோதை கொஞ்ச நேரம் சுற்றும். அது அசையாமல் நிற்கும்வரை பொறுத்திருங்கள்.

இரண்டாவது, துப்புரவு செய்யும்போது சுவிட்சுப் பெட்டியைப் பூட்ட வேண்டும். மெஷினில் கை வைக்கிறவர் மடியில்தான் சாவி இருக்க வேண்டும். அவர் உள்ளே இருப்பது தெரியாமல் இன்னொருவர் சுவிட்சைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்?

மூன்றாவது, மூடி திரும்ப மாட்டாமல் மெஷினை ஓட்டக் கூடாது. அவசரம் என்று யார் சொன்னாலும் சரி.

கையுறையும் முகமூடியும் கடைசியில்தான். சுற்றுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையுறை ஆபத்து, அது கையையும் சேர்த்து இழுக்கும். சேலைத் தலைப்பு, விரித்த கூந்தல், கழுத்துத் துண்டு எல்லாம் அப்படித்தான்.

மலையில் மருந்தடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். அந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வெறும் மருந்துக் கேனைத் தண்ணீர் பிடிக்க வீட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

இது யாரும் இரங்கித் தருவதல்ல. மெஷினின் ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான மறைப்பு வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். வேலையில் காயம்பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சின்னக் காயமானாலும் அன்றைக்கே புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் படிக்கிற பிள்ளையைக் கூட்டி வரலாம்.

நாளைக்கு வேலைக்குப் போகும்போது ஒரு மூடி கழன்று கிடப்பதைப் பார்த்தால் தாண்டிப் போகாதீர்கள். டீமேக்கரிடம் சொல்லுங்கள், தலைவரிடம் சொல்லுங்கள், என்னிடம் சொல்லுங்கள். நான் ஒருமுறை தாண்டிப் போனவன். இனிப் போக மாட்டேன்.