ஆண்டிறுதிக் கணக்கில் தமிழும் இடம்பெறட்டும்

(கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மொழியறிஞன் அல்லன், கல்வியாளனும் அல்லன். பொறியியல் பயின்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தரவுத்தளங்களோடு போராடிக்கொண்டிருப்பவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியே பேசுகிறேன்: கணக்கெடுப்பு.

கல்வியாண்டு நிறைவுறும் காலம் இது. பள்ளி மாவட்டங்கள் தத்தம் ஊழியர்களுக்கு ஆண்டிறுதி அறிவிப்புகளை அனுப்பும் வேளை. அடுத்த ஆண்டின் நாட்காட்டி, வகுப்பு ஒதுக்கீடு, பணியிட மாற்றம், வரவு செலவு ஆகியன அவற்றில் இருக்கும். இவை அனைத்துக்கும் அடித்தளம் மாணவர் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையில் நம் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்க் குழந்தைகளாக இருக்கிறார்களா என்பதே என் கேள்வி.

ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். 2012ஆம் ஆண்டு என் மகளை மழலையர் வகுப்பில் சேர்த்தபோது வீட்டுமொழி வினாப்படிவத்தைக் கொடுத்தார்கள். கலிபோர்னியாவில் அதில் நான்கு வினாக்கள். குழந்தை முதலில் பேசக் கற்ற மொழி எது? வீட்டில் அது பெரிதும் பேசும் மொழி எது? பெற்றோர் குழந்தையிடம் பேசும் மொழி எது? வீட்டிலுள்ள பெரியோர் பேசும் மொழி எது? நான்குக்கும் "ஆங்கிலம்" என்றே எழுதினேன். அது பொய். எங்கள் வீட்டில் அவள் முதலில் சொன்ன சொல் "நிலா".

சில ஆண்டுகள் கழித்து, அதே பள்ளியிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. ஊரிலிருந்து வந்து இரண்டே வாரமான ஒரு சிறுவன் அழுதுகொண்டிருந்தான்; அவனுக்கு என்னவென்று எவருக்கும் விளங்கவில்லை. நான் சென்று கேட்டேன். வயிற்றுவலி, அவ்வளவுதான். அலுவலகப் பெண்மணி வியப்போடு சொன்னார்: "எங்கள் பதிவேட்டின்படி இப்பள்ளியில் தமிழ் பேசும் குடும்பம் ஒன்றுகூட இல்லையே!" அப்பள்ளியின் வாயிலில் மாலைதோறும் பதினைந்து பேராவது தமிழில் கதைபேசி நிற்போம். எங்களை மறைத்தவர் வேறெவரும் அல்லர், நாங்களே மறைந்துகொண்டோம்.

ஏன் அவ்வாறு எழுதுகிறோம்? தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஆங்கிலம் அறியாதோர் வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்ற அச்சம். அச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு. முதல் மூன்று வினாக்களில் ஏதேனும் ஒன்றுக்கு வேற்றுமொழியை விடையாக எழுதினால், சேர்ந்த 30 நாள்களுக்குள் குழந்தைக்கு ஆங்கிலத் திறன் தேர்வு நடத்துவார்கள். ஐந்து வயதுக் குழந்தை அன்றைக்குக் கூச்சத்தால் வாய் திறக்காமல் இருந்துவிடவும் கூடும். ஆனால் தேறிய குழந்தைக்குத் தனி வகுப்பு எதுவும் இல்லை. "தொடக்கத்திலேயே ஆங்கிலத் தேர்ச்சி பெற்றவர்" என்று பதிவாகும். முதன்மொழி தமிழ் என்பதும் பதிவில் நிலைக்கும். தேறாத குழந்தைக்கு உதவி கிடைக்கும். பின்னர் அந்நிலையிலிருந்து விடுவிக்கும்போது ஆசிரியரின் மதிப்பீட்டோடு பெற்றோரின் கருத்தையும் கேட்டாக வேண்டும்.

இந்த உதவி எவரும் போட்ட பிச்சையன்று. இதே வளைகுடாப் பகுதியில், சான் பிரான்சிஸ்கோ நகரில், ஆங்கிலம் அறியாத சீனக் குழந்தைகள் ஏறத்தாழ 1,800 பேர் எவ்வித மொழியுதவியும் இன்றி வகுப்பில் அமர்ந்திருந்தார்கள். அவர்தம் பெற்றோர் வழக்காடினர். 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரே பாடநூலையும் ஒரே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் அது சமவாய்ப்பு ஆகிவிடாது என்று தீர்ப்பளித்தது. லாவ் எதிர் நிக்கல்ஸ் என்னும் அவ்வழக்கின் பயனை நம் பிள்ளைகளும் துய்க்கிறார்கள்.

எண்ணிக்கைக்கு வேறொரு வலிமையும் உண்டு. கலிபோர்னியச் சட்டப்படி, ஒரு பள்ளியில் 15 விழுக்காட்டினர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஆங்கிலமல்லாத ஒரே மொழியை முதன்மொழியாகக் கொண்டிருந்தால், பெற்றோருக்கான அறிவிப்புகளை அம்மொழியிலும் அனுப்ப வேண்டும். முந்தைய ஆண்டின் கணக்கை வைத்தே அது முடிவாகும். அந்த அளவை நாம் எட்டுவோமா என்பது வேறு. எண்ணாமலேயே எட்டவில்லை என்று எப்படிச் சொல்வது?

கணக்கு எடுக்கும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் அக்டோபர் மாத முதல் புதன்கிழமை. நியூ ஜெர்சியில் அக்டோபர் 15. டெக்சாஸில் அக்டோபர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அங்குள்ள உங்கள் உற்றார் உறவினர்க்கும் சொல்லுங்கள். அன்று பதிவேட்டில் இருப்பதே ஆண்டு முழுதும் பேசும்.

உங்களிடம் நான் வேண்டுவன மூன்று.

முதலாவது, இவ்வாண்டு பிள்ளையைச் சேர்ப்போர் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வீட்டில் உண்மையிலேயே ஆங்கிலம்தான் பேசுகிறீர்கள் என்றால் அதையே எழுதுங்கள்; பொய்க்கணக்கு நமக்கு வேண்டா. பழைய பதிவை மாற்ற விரும்புவோர் அதன் விளைவை அலுவலகத்தில் கேட்டறிந்த பின் மாற்றுங்கள்.

இரண்டாவது, கலிபோர்னியாவில் ஒவ்வொரு மாவட்டமும் நிதியையும் கல்வி இலக்குகளையும் இணைக்கும் எல்கேப் திட்டத்தை ஜூலை 1ஆம் நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். அதற்குமுன் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் உண்டு. அங்கே எழுந்து நின்று இரண்டு மணித்துளி பேசுங்கள்.

மூன்றாவது, உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர், ஆலோசகர் கோடை விடுப்பில் செல்லுமுன் அவரைச் சந்தித்து, இருமொழித் தேர்ச்சி முத்திரையைத் தமிழில் பெறும் வழியைக் கேளுங்கள். கலிபோர்னியாவில் இம்முத்திரை 2012 முதல் நடைமுறையில் உள்ளது. நியூ ஜெர்சியில் 2016இல் சட்டமாயிற்று.

என் மகளின் படிவத்தில் நான் எழுதியதை அவள் வளர்ந்த பின் ஒருநாள் பார்த்தாள். "ஏன் அப்பா, தமிழ் எழுத வெட்கமாக இருந்ததா?" என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை. உங்கள் பிள்ளைகள் அக்கேள்வியைக் கேட்க நேராதிருக்கட்டும்.