ஆறு மெகாபிக்சல் போதுமா? கோயில் விளக்கொளியில் ஒரு சின்ன கேமரா



ஜொகூர் பாருவில் ரயில் பாதையை ஒட்டி அமைந்திருக்கும் அருள்மிகு ராஜகாளியம்மன் ஆலயத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1922-இல் எளிய குடிலாகத் தொடங்கிய அந்த ஆலயம் 2009-இல் கண்ணாடிக் கோயிலாக உருமாறியது. சுவர், தூண், விதானம் என எங்கு பார்த்தாலும் வண்ணக் கண்ணாடித் துண்டுகள். ஏறத்தாழ 300,000 துண்டுகள் பதிக்கப்பட்டிருப்பதாகக் கணக்கு. அங்கே போகும் குடும்பங்கள் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. வீட்டிற்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் ஏமாற்றம் தெரியும். நடுவில் வெள்ளை வெளேரென்று ஓர் ஒளித்திட்டு, அதைச் சுற்றி இருண்டு போன முகங்கள். கேமரா பழுதாகிவிட்டதோ என்று நினைப்பவர்களும் உண்டு. பழுது ஒன்றும் இல்லை. ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, வந்த வழியே லென்சுக்குள் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

கையடக்க டிஜிட்டல் கேமரா ஒன்று நல்லதா இல்லையா என்பதைக் கடை விளக்கின் கீழே சோதித்துப் பயனில்லை. இப்படிப்பட்ட இடத்தில்தான் அது தெரியும். நம் மக்கள் எடுக்கும் படங்களில் பெரும்பகுதி வெளிச்சம் குறைந்த இடங்களில் எடுப்பவை. தைப்பூச இரவு, தீபாவளிக்கு முதல் நாள் வீட்டு வாசல், கல்யாண மண்டபம், கோயில் மண்டபத்தில் எண்ணெய் விளக்கு. இந்த இடங்களில் ஃபிளாஷ் போட்டால் விளக்கின் பொன்னிறம் போய்விடுகிறது. போடாவிட்டால் படம் ஆடிப்போகிறது.

இதற்கு ஒரு வழி கண்ட கேமராக்களில் குறிப்பிடத்தக்கது, 2006-இல் வெளிவந்த ஃபூஜிபிலிம் ஃபைன்பிக்ஸ் எஃப்30. அன்றைக்கு மற்ற நிறுவனங்கள் ஏழு, எட்டு, பத்து என்று மெகாபிக்சலை ஏற்றிக்கொண்டிருந்தன. இந்தக் கேமராவிற்கு 6.3 மெகாபிக்சல்தான். "ஆறுதானா?" என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் ஏராளம். ஆனால் அதைப் பயன்படுத்தியவர்கள் கொண்டாடியதற்கும் அந்த ஆறுதான் பாதிக் காரணம். மீதிக் காரணம் உள்ளே இருந்த சிசிடி என்னும் ஒளி உணரும் சில்லு. அன்றைய சாதாரணச் சிறு கேமராக்களில் அந்தச் சில்லு ஏறத்தாழ 25 சதுர மில்லிமீட்டர். எஃப்30-இல் அது 43 சதுர மில்லிமீட்டர் அளவு. முற்றத்தில் மழை பெய்கிறது. அகன்ற வாய்ப் பாத்திரங்களை வைத்தால் நிறையத் தண்ணீர் சேரும். அதே முற்றத்தில் நெருக்கி நெருக்கிச் சிறு குவளைகளை அடுக்கினால் எண்ணிக்கை கூடுமே தவிர, ஒவ்வொன்றிலும் சில துளிகள்தான் விழும். வெளிச்சமும் அப்படித்தான். பின்னாளில் 28 சதுர மில்லிமீட்டர் சில்லில் 12 மெகாபிக்சலைத் திணித்த கேமராக்கள் வந்தபோது, ஒவ்வொரு புள்ளிக்கும் எஃப்30-இல் கிடைத்த இடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஐஎஸ்ஓ என்று கேமராவில் ஓர் எண் இருக்கும். குறைந்த வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்பதற்கான அளவு அது. ஒரு மண்டபத்தில் ஐஎஸ்ஓ 100-இல் படம் எடுக்க, கேமராவின் கண் கால் வினாடி திறந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கால் வினாடி யாருடைய கையும் அசையாமல் இருக்காது. அதே இடத்தில் ஐஎஸ்ஓ 800 வைத்தால் முப்பதில் ஒரு வினாடி போதும். மூச்சைப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து எடுத்தால் படம் நிற்கும். அக்காலத்துச் சிறு கேமராக்கள் பல ஐஎஸ்ஓ 400-லேயே தடுமாறின. எஃப்30-இல் 800 வரை தயங்காமல் போகலாம். 3200 வரை எண் இருந்தாலும், கடைசிப் படிகள் அவசரத்திற்கு மட்டுமே உதவும். ஃபிளாஷை ஒதுக்கி இயற்கை ஒளியிலேயே எடுப்பதற்கென்று தனி முறையும் அதில் உண்டு. மின்கலத்தை ஒருமுறை நிரப்பினால் 580 படங்கள் என்று நிறுவனம் அறிவித்தது. ஒரு கல்யாணம் முழுவதற்கும் தாங்கும்.

குறை இல்லாமல் இல்லை. கையாட்டத்தைச் சரிசெய்யும் அமைப்பு லென்சில் கிடையாது. வெயிலில் எடுத்த படங்களில் கிளைகளின் ஓரத்தில் ஊதா நிறம் கசியும். கண்ணை வைத்துப் பார்க்கும் துளை இல்லாததால் நண்பகல் வெயிலில் திரை தெரியாது. காவடி ஊர்வலத்தில் இது பெரிய தொல்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, அது எக்ஸ்டி என்னும் தனி வகை நினைவு அட்டையைக் கேட்டதுதான். 2002-இல் அறிமுகமான அந்த அட்டை 2 ஜிபிக்கு மேல் வளரவே இல்லை. சில ஆண்டுகளில் அதைக் கொண்டுவந்த நிறுவனங்களே எஸ்டி அட்டைக்கு மாறிவிட்டன.

உலகச் சந்தையும் மாறிவிட்டது. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010-இல் 100 மில்லியனுக்கும் அதிகமான சிறு கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023-இல் அது 2 மில்லியனைக்கூட எட்டவில்லை. கைப்பேசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. உள்ளதைச் சொல்வதானால், இன்றைய நல்ல கைப்பேசி ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, இரவுக் காட்சியில் எஃப்30-ஐயும் மிஞ்சிவிடுகிறது. ஆனாலும் இளைஞர்கள் இப்போது பழைய சிசிடி கேமராக்களைத் தேடி அலைகிறார்கள். அந்த நிறம், அந்த ஃபிளாஷ் தோற்றம் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆசைப்படுவது தவறில்லை, இருபது ஆண்டுப் பழைய பொருளுக்குப் புதுப் பொருளின் விலை கொடுப்பதுதான் தவறு.

வாங்குபவர்கள் லென்ஸ் முழுதாக வெளியே வந்து உள்ளே போகிறதா, மின்கலம் உப்பியிருக்கிறதா, அட்டையும் மின்னேற்றியும் கூடவே கிடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். லென்சை வெளிச்சத்திற்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் சிலந்தி நூல் போல ஏதாவது தெரிந்தால், அது பூஞ்சைக் காளான். நம் ஊர் ஈரக்காற்றில் அலமாரியில் கிடந்த கேமராக்களுக்கு வரும் நோய் இது. ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் புதுக் கேமரா வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. சுற்றுப்பயணிகளுக்கு அதைத் திருப்பித் தரும் திட்டம் விமானம், உல்லாசக் கப்பல் வழியாகப் புறப்படுபவர்களுக்குத்தான். பேருந்திலோ காரிலோ திரும்புபவர்களுக்கு இல்லை. உத்தரவாதம் மலேசியாவில் செல்லுமா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கண்ணாடிக் கோயிலுக்கே திரும்புவோம். எந்தக் கேமராவாக இருந்தாலும் அங்கே முதல் வேலை ஃபிளாஷை அணைப்பது. அடுத்து, பின்னால் மின்னும் கண்ணாடியைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று கேமரா ஏமாந்து முகத்தை இருட்டடிக்கும். கூட்டல் குறி உள்ள வெளிச்சத் திருத்தத்தில் ஒரு படி ஏற்றினால் முகம் தெளியும். வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் மாப்பிள்ளையை எடுக்கும்போதும் இதே திருத்தம் தேவை. பொத்தானைப் பாதி அழுத்திக் காத்திருந்து, பிறகு முழுதாக அழுத்தினால், குழந்தை திரும்பிக்கொண்ட பிறகு படம் விழும் கதை நடக்காது. எங்கெங்கே படம் எடுக்கலாம் என்று ஆலயத்தாரிடம் கேட்டுக்கொள்வது மரியாதை.

இதையெல்லாம் விட அவசரமான வேலை ஒன்று பல வீடுகளில் காத்திருக்கிறது. 2000-க்குப் பிறகு வந்த பத்து ஆண்டுகளில் ஜொகூர் தமிழர் வாழ்க்கை எவ்வளவோ மாறியது. தோட்டங்கள் பல கைமாறின, லயன் வீடுகள் இடிந்தன, குடும்பங்கள் பட்டணத்திற்கு வந்தன. அந்த வீட்டுத் திண்ணையும் தோட்டத்துக் கோயிலும் பாட்டியின் முகமும் கடைசியாகப் பதிவானது இந்தச் சின்ன கேமராக்களில்தான். அவற்றில் எத்தனையோ இன்னும் அச்சாகவில்லை. பழைய கேமரா ஒரு மேசை அறையில், அட்டை உள்ளேயே கிடக்கிறது. அந்த அட்டையில் படம் நுண்ணிய மின்னூட்டமாகத்தான் பதிந்திருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது கசிந்து மங்கக்கூடும். கல்வெட்டு அல்ல அது.

தண்ணீரும் ஒரு பகை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்களை வெள்ளம் சூழ்ந்தபோது 100,000-க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அலமாரியில் இருந்த ஆல்பங்களை எடுக்க அப்போது யாருக்கு நேரம் இருந்தது?

எனவே மேசை அறையைத் திறந்து பார்க்கலாம். உப்பிய மின்கலத்தை அழுத்தாமல், அதற்கு மின்னேற்றாமல் தனியே எடுத்து வைக்க வேண்டும். எக்ஸ்டி அட்டையைப் படிக்கும் சாதனம் இப்போதும் சில கணினிக் கடைகளில் கிடைக்கிறது. அட்டையைத் திறந்தால் டிசிஐஎம் என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கும்; அதை முழுதாக நகல் எடுக்க வேண்டும். ஒரு நகல் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ. முக்கியமான நாற்பது, ஐம்பது படங்களைக் கடையில் கொடுத்து அச்சிட்டு, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்புறம் எழுதியும் வைக்கலாம். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே.